தடுப்பூசிக்கு இரண்டாம் நாள் எடுத்த இரத்தம்

2025 மார்ச் 17, திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு, நான் பத்தொன்பது ஆண்டுகளாகத் தைத்துவரும் மருத்துவமனையின் துணிப்பிரிவில், என் தையல் மெஷின் என்னைக் கேட்காமல் இடம்பெயர்க்கப்பட்டு, பழைய மெத்தைகள் அடுக்கியிருந்த பக்கத்து அறைக்குள் வைக்கப்பட்டது. அன்றே ஊழியர் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே 'ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்' என்று சிவப்பு மையில் எழுதப்பட்டது. அந்த நோய் எனக்கு அன்றைக்கும் இல்லை, அதற்கு முன்பும் இருந்ததில்லை. ஒரு தாளின் ஒற்றை வரியைப் பார்த்து நிர்வாகம் இதை முடிவு செய்தது. அந்த இரத்தம் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. இதுவே என் குற்றச்சாட்டு. இதன் ஒரு படி நிர்வாகத்துக்கு. மற்றொரு படி, பொறுமையாகப் படிக்கக்கூடிய யாருக்கும். கீழே சொல்பவற்றுக்கெல்லாம் என்னிடம் தாள் இருக்கிறது. தாள் இல்லாத இடத்தில் இல்லை என்றே எழுதியிருக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். வயது நாற்பத்தெட்டு. திருமணம் ஆகவில்லை. கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப்போடுவது, நோயாளிகளின் அங்கிகளுக்கு அறுந்த நாடாவைத் திரும்பத் தைப்பது, அறுவை அறையின் பச்சைத் துணிகளை ஓரம் அடிப்பது என் வேலை. பள்ளியில் என் பிறந்த தேதியைத் தவறாக எழுதிவிட்டார்கள்; அதைத் திருத்த ஆறு ஆண்டுகள் அலைந்தேன். அன்று முதல் எந்தத் தாளையும் நான் எறிவதில்லை. துணிப்பிரிவில் எனக்கு 'ஃபைல் அக்கா' என்று பெயர். வெளுத்துவரும் துணிகளை மடித்து அடுக்கும் பெண், எனக்கு எதிர் மேசைக்காரி, ஒருநாள் கேட்டாள்.

"அக்கா, பஸ் டிக்கெட்டைக்கூட ஃபைல் பண்ணி வைப்பீங்களாமே?"

"வைப்பேன். நீ லேட்டா வந்துட்டு பஸ் மேல பழி போடறப்ப எடுத்துக் காட்டத்தான்."

அவள் சிரித்தால் மேசையே ஆடும். அப்படிச் சிரித்துக்கொண்டுதான் நாங்கள் பதினொரு பேர் ஒரே அறையில் இருந்தோம்.

2025 பிப்ரவரியில், வார்டிலிருந்து வந்த விரிப்பு மூட்டைகளில் இரண்டு முறை ஊசிகள் கிடந்தன. யார் கையிலும் குத்தவில்லை என்றாலும், துணிப்பிரிவினர் எல்லாருக்கும் இரத்தம் பார்த்து, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடுவது என்று நிர்வாகம் தீர்மானித்தது. நல்ல தீர்மானம், அதில் எனக்குக் குறை இல்லை. மார்ச் 10 திங்கட்கிழமை இரத்தம், 11 செவ்வாய்க்கிழமை ஊசி. ஆனால் அதே வாரம் புதன்கிழமை ஆய்வுக் குழு ஒன்று வருவதாக இருந்தது. அவர்கள் கண்ணில் படப்போகும் கட்டில்களுக்குப் புதிய திரைகள் வேண்டும் என்று, அறுபத்து நான்கு திரைகளுக்கு ஓரம் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. திங்கட்கிழமை எல்லாரும் இரத்தம் கொடுக்கக் கிளம்பினார்கள். நானும் எழுந்தேன். சூப்பர்வைசர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க? திரையை முடிங்க. ரத்தம் உடம்புக்குள்ளதானே இருக்கு, எங்கயாவது ஓடியா போயிடும்?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை எல்லாரோடும் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டேன். தேதியும் மருந்தின் தொகுதி எண்ணும் எழுதிய மஞ்சள் அட்டை ஒன்று கொடுத்தார்கள். புதன்கிழமை ஆய்வுக் குழு வந்ததால் இரத்தம் எடுக்கும் அறை மூடியிருந்தது. வியாழக்கிழமை, மார்ச் 13, விட்டுப்போன என் இரத்தத்தை எடுத்தார்கள். எடுத்த பெண் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "சாப்பிட்டீங்களா?" சாப்பிட்டேன் என்றேன். முந்தாநாள் ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டிருந்தால் இந்தக் குற்றச்சாட்டுக்கு வேலையே இருந்திருக்காது. மற்ற பத்துப் பேருக்கும் முதலில் இரத்தம், பிறகு ஊசி. எனக்கு மட்டும் முதலில் ஊசி, பிறகு இரத்தம்.

அடுத்த திங்கட்கிழமை நான் உள்ளே நுழையும்போது மடிப்புக்காரி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அக்கா, உள்ள வராதீங்க."

"ஏன்டி, தரை ஈரமா?"

"இல்லக்கா. உங்க மெஷினை அந்தப் பக்கம் தூக்கிட்டாங்க. டம்ளரையும்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. என்னைக் கேக்காதீங்க."

மெத்தை அறையில் ஒரே ஒரு ஜன்னல், அதுவும் உயரத்தில். மெஷினைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள், மின் இணைப்பு அங்கேதான் இருந்ததாம். நடுச்சுவர் மெல்லியது. பத்து பேர் பேசுவதும் மெஷின்கள் ஓடுவதும் கேட்கும்; சொற்கள் பிடிபடாது. திடீரென்று எல்லாரும் சிரிப்பார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்க அங்கே ஆளில்லை. முதல் சில நாட்கள் சிரிப்புச் சத்தம் வந்தால் மெஷினை நிறுத்திக் காது கொடுத்தேன். பிறகு, சத்தம் வந்தால் வேகமாக மிதிக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 11 அன்று, இரண்டாவது தவணை ஊசிக்கான பட்டியலில் என் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. பணியாளர் அலுவலரிடம் போய்க் கேட்டேன்.

"உங்களுக்குத்தான் வந்துடுச்சேம்மா. வந்த பிறகு தடுப்பு எதுக்கு?"

வந்துவிட்டதா என்பது எனக்கே தெரியாது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தாளின் ஒரு வரி: ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி, ரியாக்டிவ்.

இதற்கிடையில் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தம்பி, அவன் மனைவி, ஆறு வயது மகள் ஆகியோருடன் நான் பதினோரு ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்தேன். மார்ச் 18 அன்று மருத்துவமனையிலிருந்து யாரோ வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதால் எல்லாரும் இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் சொல்லிவிட்டோ, என் சம்மதம் கேட்டோ அழைக்கவில்லை. இந்த அழைப்புக்குத் தாள் இல்லை.

தம்பி மனைவி கெட்டவள் அல்ல. எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் நெற்றியில் கை வைத்துப் பார்த்தவள் அவள்தான். அன்று மாலை என் தட்டு மட்டும் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா உங்க தட்டுலதான் போய்க் கை வைக்கும். அதுக்கு என்ன தெரியும்?"

"தட்டுல ஒட்டாதுன்னு சொல்றாங்கம்மா."

"சொல்றாங்க. யாரு எழுதிக் கொடுத்தாங்க?"

அவர்கள் மூவருக்கும் இரத்தத்தில் ஒன்றும் இல்லை. அந்தத் தாள் வந்த பிறகும் தட்டு தனியாகத்தான் இருந்தது. மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை, நானே என் துணிகளை எடுத்து வைத்தேன். தம்பி வாசல்வரை வந்தான்.

"அக்கா, யாரும் உன்னைப் போகச் சொல்லலயே."

"சொல்லலதான்."

"நோய் இல்லைன்னு ஆஸ்பத்திரி ஒரே ஒரு கடுதாசி எழுதித் தரட்டும். அடுத்த நிமிஷம் நானே வந்து உன் பெட்டியைத் தூக்கிட்டு வர்றேன். இவளும் அதைத்தான் சொல்றா."

ஆகவே எனக்கு வேண்டியிருந்தது ஒரு கடிதம். அது கிடைத்தால் வீடு. கிடைக்காவிட்டால் நான் வாடகைக்கு எடுத்த மாடி அறை. அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், மேலே தண்ணீர்த் தொட்டி. தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கீழே குரல் கொடுப்பேன். பல நாட்கள் நான் வாய்திறந்து பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

மாவட்ட நூலகத்தில் மருத்துவம் பற்றி மூன்று புத்தகங்கள் இருந்தன. வேலை முடிந்து போய், மூடும்வரை உட்கார்ந்து படித்தேன். புரியாத சொற்களை ஒரு நோட்டில் எழுதி அகராதியில் தேடினேன். நான் கற்றதை, என்னைப்போல் அதிகம் படிக்காதவர்களுக்காக இங்கே சொல்கிறேன்.

இந்த நோய்க்கு இரத்தத்தில் பார்க்கும் முக்கியமான வரிகள் மூன்று. முதலாவது ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. அது கிருமியின் மேலுறைப் புரதம். அது தெரிந்தால் கிருமி இப்போது உடம்பில் இருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது ஆன்ட்டி ஹெச்.பி.எஸ். அந்த மேலுறையை எதிர்க்க நம் உடம்பு செய்துகொள்ளும் காவல். நோய் வந்து குணமானவர்களுக்கும் இருக்கும், தடுப்பூசி போட்டவர்களுக்கும் இருக்கும். மூன்றாவது ஆன்ட்டி ஹெச்.பி.சி. இது கிருமியின் உட்கருவுக்கு எதிரானது. தடுப்பூசியில் உட்கரு கிடையாது. ஆகவே ஊசியால் இது வராது. கிருமி உண்மையாகவே ஒருமுறை உள்ளே புகுந்திருந்தால்தான் வரும், வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். என் தொழிலில் இதற்கு ஒப்பானது ஒன்று உண்டு. ஒரு துணியில் தையல் ஓடியிருந்தால், நூலைப் பிரித்த பிறகும் ஊசித் துளைகள் தெரியும். துளையே இல்லாத துணியைக் காட்டி, இதை முன்பு தைத்திருக்கிறார்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

மார்ச்சில் என் இரத்தத்தில் முதல் வரியை மட்டுமே பார்த்தார்கள். துளை இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை.

ஈரல் நோய்ப் பிரிவு உள்ள வேறொரு மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த முதல் தேதி ஏப்ரல் 22. காத்திருப்போர் நாற்காலிகளில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பூட்டு ரிப்பேர் செய்பவர், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார்.

"என்னம்மா, கேஸ் போட வந்தீங்களா, வைத்தியம் பார்க்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு மாதத்தில் என் பேச்சுக்கு ஒருவர் சிரித்தது அதுவே முதல் முறை. அவருக்கு உண்மையாகவே அந்த நோய் இருந்தது. ஆறு ஆண்டுகளாக. கிருமியின் அளவு குறைவு, ஈரல் நன்றாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டு போகிறார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாயிற்று. "வீட்டுல ஒரு பிரச்சினையும் இல்லை," என்றார். "கடை ஓனருக்குத்தான் தெரிஞ்சுபோச்சு. சாவி பல பேர் கை படற பொருளாம். இப்ப ரோட்டோரத்துல பெட்டி வச்சு உட்கார்ந்திருக்கேன். அதே சாவி, அதே கை."

மருத்துவர் இளம்பெண். என் மார்ச் மாதத் தாளைப் பார்த்துவிட்டுத் தலை நிமிராமல் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி தடுப்பூசி ஏதாவது போட்டீங்களா?"

மஞ்சள் அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"பதினொண்ணாம் தேதி ஊசி. பதிமூணாம் தேதி ரத்தம். யாரும்மா இப்படி எடுத்தது?"

அவர் விளக்கியது இது. அந்தத் தடுப்பூசியின் சரக்கே கிருமியின் மேலுறைப் புரதம்தான். கிருமி அதில் இல்லை. போட்ட பிறகு சில நாட்கள், சிலருக்கு இரண்டு மூன்று வாரம்வரைகூட, அந்தப் புரதம் இரத்தத்தில் தெரியலாம். சோதனைக் கருவிக்கு அது ஊசியில் வந்ததா, கிருமியோடு வந்ததா என்று பிரிக்கத் தெரியாது.

"அப்ப எனக்கு இல்லைங்களா?"

"பெரும்பாலும் இல்லை. ஆனா, இப்பத்தான் தொத்த ஆரம்பிச்சிருந்தாலும் முதல்ல இதே மாதிரிதான் இருக்கும். மறுபடியும் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

என்னைத் தேற்றுவதற்காக அவர் உண்மையைக் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கு நன்றி. ஆனால் முடிவு வர மூன்று நாட்கள். அந்த மூன்று நாட்களும் நான் தைத்த நாடாக்களில் பலவற்றைத் தலைகீழாகத் தைத்து, பிரித்து, திரும்பத் தைத்தேன். யாரிடமாவது சொல்லலாம் என்று தொலைபேசியை எடுத்தேன். பெயர்களை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 25. மேலுறைப் புரதம் இல்லை. உட்கருவுக்கான எதிர்ப்பொருள் இல்லை. காவலின் அளவு நான்கு, பத்துக்கு மேல் இருந்தால்தான் கணக்கில் சேரும், ஒரே ஊசிக்கு அவ்வளவுதான் வந்திருந்தது. அதாவது கிருமி இல்லை, என்றும் இருந்ததில்லை, பாதுகாப்பும் இன்னும் இல்லை. இரண்டாவது தவணை ஊசியை அவர்கள் அன்றே போட்டார்கள். ஏப்ரல் 28 அன்று பணியாளர் அலுவலரிடம் தாளைக் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்கிக்கொண்டேன்.

"ரெண்டு ரிப்போர்ட் ரெண்டு விதமாச் சொல்லுதேம்மா. எதை நம்பறது?"

"தேதியைப் பாருங்க சார். முதல் ரிப்போர்ட் ஊசிக்கு ரெண்டாம் நாள்."

"அதெல்லாம் டாக்டருங்க விஷயம். மூணு தவணையும் முடியட்டும், கடைசியா ஒரு ரிப்போர்ட் கொண்டுவாங்க. அதை வச்சு முடிவு பண்ணலாம்."

மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். நான் நான்கு விண்ணப்பங்கள் கொடுத்தேன். நான்கிலும் முத்திரை இருக்கிறது, பதில் இல்லை. சுவரைப் பார்த்தபடி தைத்தேன். மடிப்புக்காரி சில நாட்கள் துணி மூட்டையை வாசலில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பாள். "எப்படிக்கா இருக்கீங்க?" என்பாள். பதில் சொல்லத் தொடங்கினால் பின்னால் திரும்பிப் பார்ப்பாள். அவளைச் சிரமப்படுத்தக் கூடாது என்று நான் "நல்லா இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். தம்பி மகளின் பிறந்தநாளுக்கு ஒரு கவுன் தைத்துக் கொடுத்தனுப்பினேன். வெந்நீரில் அலசிய பிறகு போட்டுவிட்டார்கள் என்று தம்பியே, மறைக்கத் தெரியாமல், சொன்னான்.

அக்டோபர் 14 மூன்றாவது ஊசி. நவம்பர் 25 கடைசி இரத்தம். காவல் இருநூற்றுப் பதினான்கு. மற்ற இரண்டு வரிகளிலும், ஏப்ரலில் போலவே, ஒன்றும் இல்லை. டிசம்பர் 1 அன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்த வரியில் 'ரியாக்டிவ்', அதாவது 'இருக்கிறது', என்று வந்தாலும் அதைச் சிவப்பில் அச்சடிப்பது அந்த ஆய்வகத்தின் கணினிக்கு வழக்கம். பணியாளர் அலுவலர் தாளைக் கையில் வாங்காமலே குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, மறுபடியும் சிவப்பா வந்திருக்கே! இந்தத் தடவை இருநூத்துச் சொச்சம் வேற!"

"சார், அது நோய் இல்லை. நோய் வராம காக்கறது. நீங்க போடச் சொன்ன ஊசி வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். அது சிவப்பா இல்லைன்னாத்தான் நான் கவலைப்படணும்."

அவர் வெகுநேரம் தாளைப் பார்த்தார். பிறகு, மருத்துவ அலுவலரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்டிருக்கிறார். டிசம்பர் 10 அன்று என்னை அழைத்துக் கடிதத்தை நீட்டினார். தட்டச்சு செய்து, முத்திரை வைத்த, நான் ஒன்பது மாதங்கள் கேட்ட கடிதம்.

அதில் இருந்ததை, இருமுறை படித்த நினைவிலிருந்து, எழுத்து மாறாமல் தருகிறேன்: 'மேற்படி ஊழியருக்கு ஹெபடைட்டிஸ் பி நோய் இல்லை என்று தற்போது உறுதியாகியுள்ளதால், அவர் மற்ற ஊழியர்களுடன் சேர்ந்து பணிபுரிய அனுமதிக்கப்படுகிறார். இது தொடர்பாக அவருக்கு இனி எந்தப் புகாரும் இல்லை.' அடியில் நான் கையெழுத்துப் போட இடம். போட்டால் கடிதம் என் கையில்.

பேனாவைத் திறந்தேன். அந்த நேரத்தில் சூப்பர்வைசர் உள்ளே வந்து, மெஷினை எப்போது தூக்கலாம் என்று கேட்டார். அலுவலர் சொன்னார்: "மெஷினை எடுத்துக்குங்க. அந்த ரூமை மட்டும் அப்படியே விட்டு வைங்க. அடுத்து யாருக்காவது வந்தா தேவைப்படும்."

இருவரும் அதைச் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பூட்டுக்காரர் நவம்பரில் சொன்னது நினைவுக்கு வந்தது. கடைசி இரத்தத்துக்குப் போனபோது அவரும் வந்திருந்தார். எனக்கு நோயே இல்லை, கடிதம் கிடைக்கப்போகிறது என்று சொன்னேன். மனதாரச் சந்தோஷப்பட்டார். "கொடுத்து வச்சவங்கம்மா நீங்க. இல்லைன்னு எழுதி வாங்கிட்டுப் போயிடலாம். எனக்கு என்னன்னு எழுதித் தருவாங்க?" என்றார்.

இந்த நோய் இரத்தத்தால் பரவும், உடலுறவால் பரவும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். டம்ளரால் பரவாது, தட்டால் பரவாது, ஒரே அறையில் உட்கார்ந்து நாடா தைப்பதால் பரவாது. நூலகத்தில் இதை நான் என் கையாலேயே நோட்டில் எழுதிவைத்திருந்தேன். எழுதிவைத்துவிட்டு, ஒன்பது மாதங்களாக எனக்கு நோய் இல்லை என்பதை மட்டுமே நிரூபித்துக்கொண்டிருந்தேன். எனக்கு நோய் இருந்திருந்தால் அவர்கள் செய்தது சரி என்று நானும் ஒப்புக்கொண்டதாக அல்லவா ஆகும்? அந்தக் கடிதமும் அதைத்தான் சொல்கிறது: நோய் இல்லாததால் சேர்த்துக்கொள்கிறோம் என்று.

பேனாவை மூடிவிட்டேன்.

"என்னம்மா, இன்னும் என்ன?" என்றார் அலுவலர். அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. கையெழுத்து இல்லாமல் கடிதம் கொடுக்க விதி இல்லை என்று சொல்லி அதைத் தம் மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். ஆகவே அந்தக் கடிதத்தின் தாள் என்னிடம் இல்லை.

தம்பியிடம் சொன்னேன்.

"அக்கா, உனக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே. ஒரு கையெழுத்து. போட்டுட்டு வீட்டுக்கு வந்து சேரு. ஊருல இருக்கறவங்க வழக்கையெல்லாம் நீ ஏன் தலையில தூக்கிப் போட்டுக்கறே?"

"ரிப்போர்ட் எல்லாத்தையும் உனக்குக் காட்டறேன்டா. ஒவ்வொரு வரியா விளக்கறேன்."

"எனக்குப் புரியும்க்கா. இவளுக்குக் கடுதாசிதான் புரியும்."

அவன் சொன்னதில் தவறில்லை. நான் அந்த வீட்டுக்குள் இன்னும் போகவில்லை. மெஷினும் மெத்தை அறையில்தான் இருக்கிறது; கடிதத்தில் கையெழுத்து ஆனால்தான் அதைத் தூக்குவார்களாம். இரண்டும் நான் தெரிந்தே ஏற்றுக்கொண்டவை. ஆகவே அவற்றைக் குற்றச்சாட்டில் சேர்க்கவில்லை.

நிர்வாகத்திடம் நான் கேட்பது இவை. 2025 மார்ச் 13 அன்று என் இரத்தத்தை எடுத்தபோது, இரண்டு நாட்களுக்கு முன் தடுப்பூசி போடப்பட்டதை ஏன் விசாரிக்கவில்லை, முதல் வரியைத் தவிர மற்ற வரிகளை ஏன் பார்க்கவில்லை என்று தெரிவிக்கவும். பதிவேட்டிலுள்ள சிவப்பு மை வரியை, அது தவறு என்ற குறிப்புடன், தேதியிட்டு அடித்து, அந்தப் பக்கத்தின் நகலை எனக்குத் தரவும். என் சம்மதமின்றி என் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியவர் யார் என்று கூறவும். இறுதியாக, ஹெபடைட்டிஸ் பி உண்மையாகவே உள்ள ஓர் ஊழியரைத் தையல் மெஷினோடும் டம்ளரோடும் தனி அறைக்கு மாற்ற வேண்டும் என்று எந்த விதி சொல்கிறது, அதன் எண் என்ன என்று குறிப்பிடவும். அப்படி ஒரு விதி இல்லையென்றால், இல்லை என்று எழுதவும்.

வாய்மொழியாகவோ தொலைபேசியிலோ வரும் பதிலை நான் பதிலாகக் கருத மாட்டேன். 2026 ஜனவரி 15ஆம் தேதிக்குள், பொறுப்புள்ள அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் கொண்ட எழுத்துப்பூர்வமான பதிலை, பதிவுத் தபாலில், மேலுறையில் காணும் மாடி அறை முகவரிக்கே அனுப்பவும். முகவரி மாறினால் நானே எழுத்தில் தெரிவிப்பேன்.